ஊர் வைக்க ஒரு கட்டம்

நான் எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள் இல்லை. செருப்பு வாங்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, முதல் கடையில் பார்த்ததே தேவலை என்று திரும்பி வருவேன். அதற்குள் அந்த ஜோடியை வேறு யாராவது வாங்கிப் போயிருப்பார்கள். என் மனைவி இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்ன வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் தருமபுரியில் ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு பெண் குழந்தை. ஒன்பது வருஷத்தில் ஐந்து வாடகை வீடுகளில் பால் காய்ச்சியிருந்தோம். முதல் வீடு பொம்மிடியில், ஸ்டேஷனுக்குப் பின்னால். மாற்றலாகி இண்டூருக்கு வந்தபோது அங்கே ஒன்று. பிறகு தருமபுரிக்குள்ளேயே மூன்று.

என் மனைவி நன்றாகத் தைப்பாள். பிறந்த வீட்டுச் சீராக வந்த தையல் மிஷின் ஒன்று அவளிடம் இருந்தது. பொம்மிடியில் துணியைக் கெடுக்காமல் ரவிக்கை தைக்கிற ஒருத்தி இந்தச் சந்தில் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்த வருஷம் தீபாவளிக்குத் துணி குவிந்தது. அதற்கடுத்த வருஷம் நாங்கள் இண்டூரில் இருந்தோம். அங்கேயும் முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு தையல்காரிக்கு வேண்டியது நூலும் கத்தரிக்கோலும் மட்டுமில்லை, ஒரே வாசலில் நாலு வருஷம் இருப்பதும்தான். அதை நான் அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

வீட்டுக்காரர்கள் வேறு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லாருமே சொன்னார்கள். முகம் பார்க்கிற கண்ணாடி எல்லா வீட்டிலும் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துதான் நின்றது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டி வைப்பாள். ஐந்தாவது வீட்டில் வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். மிஷின் சத்தம் மேலே வருகிறது, யார் யாரோ பெண்கள் வந்து போகிறார்கள், பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள் தைத்துக்கொள்ளட்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். என் மனைவி தலையாட்டினாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சின்னதாக இருந்தாலும் சொந்தமாக ஒரு வீடு, அதன் வாசலில் தையல் என்று எழுதிய ஒரு போர்டு. கடன் போட வழி இருந்தது, மனை விற்பவர்களும் இருந்தார்கள். தடையாக இருந்தவன் நான்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. என் பன்னிரண்டாம் வயதில் அப்பா கட்டிய வீட்டை நாங்கள் பூட்டிவிட்டு வந்தோம். கிணறு பொய்த்துப் போயிற்று. பாறைக்கு வெடி வைத்து இன்னும் இரண்டு ஆள் ஆழம் இறக்கினார், அங்கேயும் ஈரம் மட்டும்தான். வீடு நல்ல வீடு, சுவரில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் பூட்டி, சாவியை அப்பா இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து எனக்கு இடம் என்றால் தண்ணீர், வேறொன்றும் இல்லை. எங்கள் ஜில்லாக்காரர்கள் பாதிப் பேருக்கு இது ஒரு வியாதி. பெண் கொடுக்கப் போகிற ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் மாப்பிள்ளை எப்படி என்பதற்கு முன்னால் தண்ணி எப்படி என்று கேட்கிறவர்கள் நாங்கள். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது, அவ்வளவுதான்.

மனை பார்க்கப் போகும்போதெல்லாம் நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிப் போவேன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனைக்குள் நடப்பார். கீழே ஊற்று இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது கணக்கு. கணக்கு வாத்தியாரான நான் இதை நம்பினேனா என்றால், தேங்காய் நிற்காதபோது முழுசாக நம்பினேன். நின்றபோது சந்தேகப்பட்டு, பாலக்கோட்டிலிருந்து இன்னொருவரை வரவழைத்தேன். இரண்டாவது ஆளுக்கு அதே இடத்தில் நிற்கவில்லை. முதலாமவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் சார், ரெண்டு பேர வெச்சிப் பாத்தா ரெண்டு பங்கு தண்ணி வருமா? நீங்க வூடு கட்ட வரல சார், தேங்கா பாக்க வந்திருக்கீங்க" என்றார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்கும் பிசிக்ஸ் வாத்தியாருக்கும் சேலத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். லேப் பக்கத்து அறையில் பச்சைத் திரை கட்டி, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். விசைப்பலகை ஒன்று, டி.வி. மாதிரி ஒரு திரை, புரோகிராமைச் சேமித்து வைக்கச் சாதாரண டேப் ரிக்கார்டர். அந்த கேசட்டை ஓடவிட்டால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், அறையில் உட்கார முடியாது. மாணவர்கள் நாலு நாலு பேராக வந்து தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போவார்கள். மற்ற நேரமெல்லாம் அது உறை போட்டுத்தான் கிடந்தது.

பிசிக்ஸ் வாத்தியாரின் குடும்பம் தருமபுரி கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். தாத்தா பிறந்த தெருவிலேயே இவரும் பிறந்து, அதே தெருவில் குடியிருந்தார். உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். ஒரு தடவை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனவர், நடைபாதைக் கடையில் பழைய வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று வாங்கி வந்தார். அதில் நாலு பக்கத்துக்குப் பொடி எழுத்தில் ஒரு விளையாட்டின் புரோகிராம் அச்சாகியிருந்தது. அவர் வரிவரியாகப் படிக்க, நான் தட்டினேன். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நாலாவது சனிக்கிழமை, விட்டுப்போன ஒரே ஒரு கமாவைத் தேடிக் கண்டுபிடித்தோம். விளையாட்டு ஓடியது.

திரை முழுக்கக் கட்டங்கள். புள்ளி என்றால் வெறும் நிலம், அலை மாதிரி நெளிந்தால் தண்ணீர், கூம்பு என்றால் மலை, நட்சத்திரம் என்றால் காடு. ஆளுக்கு ஒரு மூலையில் ஒரு கூட்டம் ஜனங்கள் நிற்பார்கள், திரையில் ஒரு சின்னப் பொம்மையாக. நாலு திசைக்கு நாலு விசை, ஊர் வைக்க ஒரு விசை. அவர் ஒரு தடவை தட்ட வேண்டும், பிறகு நான். ஆளுக்கொரு தடவை தட்டினால் ஒரு வருஷம் போயிற்று என்று அர்த்தம். ஊர் வைத்தால் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களிலிருந்து அதற்குச் சாப்பாடு வரும். ஊர் ஓரளவு பெருத்தால் அதிலிருந்து இன்னொரு கூட்டம் புறப்பட்டுப் போய் அடுத்த ஊர் வைக்கலாம். அறுபது வருஷம் முடியும்போது யாருடைய ஊர்களில் ஜனம் அதிகமோ அவர் ஜெயித்தவர்.

ஊர் வைக்கும் வரை ஜனங்கள் கையிலிருக்கும் தானியத்தைத்தான் தின்ன வேண்டும். ஆறு மூட்டை. நடக்கிற ஒவ்வொரு வருஷமும் ஒன்று குறையும். தீர்ந்துவிட்டால் பொம்மை மறைந்துவிடும்.

பிசிக்ஸ் வாத்தியார் விளையாடுவதைப் பார்க்க எனக்குப் பதறும். முதல் வருஷமே, நின்ற இடத்திலேயே ஊர் வைத்துவிடுவார். பக்கத்தில் ஆறு இருக்கிறதா, மலை இருக்கிறதா, ஒன்றும் பார்க்க மாட்டார். அந்த ஊர் நோஞ்சானாக வளரும். ஆனாலும் வளரும். பத்தாம் வருஷம் அதிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பும். அது மூன்று கட்டம் நடந்து ஒரு நல்ல இடத்தில் இறங்கும். முப்பதாம் வருஷம் அவருக்கு நாலு ஊர் இருக்கும்.

எனக்கோ இடம் பார்ப்பதுதான் விளையாட்டே. ஆற்றை ஒட்டி வைத்தால் விளைச்சல் உண்டு, ஆனால் வெள்ளம் வரும். ஆற்றிலிருந்து ஒரு கட்டம் தள்ளி வைத்தால் வெள்ளம் தொடாது, மலையும் எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிடும், ஆனால் காடு வெளியே போய்விடும். காடு வேண்டுமென்று தெற்கே நகர்ந்தால் ஆறு ஓரத்துக்குப் போகும். இரண்டு ஊர்களை நெருக்கி வைத்தால் ஒரே வயலுக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும், தள்ளி வைத்தால் நடுவில் நிலம் சும்மா கிடக்கும். இதையெல்லாம் யோசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வைக்காத ஊரில் குறையே கிடையாது. அங்கே வெள்ளம் வராது, கிணறு வற்றாது. மனதிலேயே அதன் தெருக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நான் பாட்டுக்கு நடத்திக்கொண்டே போவேன். ஏழாவது வருஷம் பொம்மை மறைந்துவிடும்.

"என்னா சார், பொண்ணு பாக்கறப்பகூட இவ்ளோ பாத்திருக்க மாட்டீங்க போலயே" என்று சிரிப்பார் பிசிக்ஸ் வாத்தியார்.

நாலைந்து ஆட்டம் இப்படியே ஜனங்களைச் சாகடித்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் மத்தியானம் அவர் வகுப்புக்குப் போயிருந்தபோது புரோகிராமைத் திறந்தேன். முந்நூற்று நாற்பதாவது வரி. இரண்டாவதாகத் தட்டுகிறவரின் கூட்டம் நடந்தால் தானியத்தில் ஒன்றைக் கழி என்று அதில் இருந்தது. என் கூட்டத்துக்கு மட்டும் அந்த ஒன்றைப் பூஜ்யமாக்கினேன். தட்டியது ஒரே ஒரு எழுத்து. கேசட்டில் சேமித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பதினொன்றாம் வகுப்புக்குப் போய்த் தொகைநுண்கணிதம் நடத்தினேன்.

அதற்குப் பிறகு என் ஜனங்கள் எட்டு வருஷம், பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் நடந்தார்கள். யாருக்கும் பசிக்கவில்லை. கடைசியில் ஆறும் மலையும் காடும் கூடுகிற இடமாகப் பார்த்து ஒரே ஒரு ஊர் வைப்பேன். அருமையான ஊர். ஆனால் அது பெருப்பதற்குள் பிசிக்ஸ் வாத்தியாருக்கு மூன்று ஊர் முளைத்திருக்கும். அறுபதாம் வருஷம் அவர்தான் ஜெயிப்பார். தோற்ற பிறகும், ஊர் என்றால் என் ஊர்தான் ஊர் என்று வாதாடுவேன். ஏமாற்றியும் தோற்றவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பைத்தியம் வீடு வரைக்கும் வந்தது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மேப் போட்டு, எங்கே ஊர் வைக்கலாம் என்று வண்ணப் பென்சிலால் குறித்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் தாளை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி மிஷினை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னாங்க இது, நம்ம பிளாட்டா?" என்றாள்.

"இல்ல, இது அந்த ஆட்டம்."

"ஓ" என்றாள். திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். மணி பத்து ஆகவில்லை, மாடிக்காரம்மா குறித்த நேரம் வரவில்லை. அதனால் மிதிக்காமல், கையில் இருந்த துணிக்கு ஊசியால் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் என் ஆற்றுக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் இண்டூர் ரோட்டில் ஒரு மனை பார்த்திருந்தோம். அவளும் வந்திருந்தாள். மற்ற இடங்களில் ஒதுங்கி நிற்கிறவள், அன்று மனைக்குள் இறங்கி நடந்தாள். வடக்குப் பக்கம் ஓரிடத்தில் நின்று, "இங்க மிஷின் போட்டா நல்லா வெளிச்சம் வருங்க. ரோட்லருந்து பாத்தா போர்டும் தெரியும்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் தேங்காய் எழுந்திருக்கவில்லை. நீரோட்டம் பார்ப்பவர் ஐந்து தடவை நடந்தார், படுத்தது படுத்தபடிதான் கிடந்தது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. பள்ளியில் தராசுக்கும் குளோபுக்கும் பொட்டு வைத்த மாதிரி கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்து, திரைக்கு மேல் ஒரு முழம் சாமந்தி போட்டார்கள். விசைப்பலகையிலும் குங்குமம் வைக்கப் போன பியூனைப் பாய்ந்து தடுத்தேன். வாத்தியார்களின் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் கம்ப்யூட்டரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்தவர்கள் பொரி கடலை வாங்கப் போய்விட, என் பெண்ணும் அவர்களோடு ஓடிவிட்டாள். அறையில் நானும் பிசிக்ஸ் வாத்தியாரும் என் மனைவியும்தான் இருந்தோம். அவர் விடுவாரா, தங்கச்சிக்கு நம்ம ஆட்டத்தைக் காட்டுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

வழக்கம் போல அவர் முதல் வருஷமே ஊர் வைத்தார். நான் வழக்கம் போல நடந்தேன். கிழக்கே நாலு கட்டம், ஆறு தெரிந்தது, சரியில்லை. வடக்கே மூன்று. மறுபடி கிழக்கே. மனைவி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த பொம்ம யாருங்க?" என்றாள்.

"குடியேற வந்தவங்க. எங்க ஊரு வெக்கறதுன்னு இடம் பாக்கறாங்க."

"எத்தினி வருஷமா?"

திரையின் மேலே வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. "பதினொண்ணு" என்றேன்.

"நம்மளவிட ரெண்டு வருஷம் ஜாஸ்தி" என்றாள். பிசிக்ஸ் வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

"பதினோரு வருஷம் நடந்தா சோத்துக்கு என்னா பண்ணுவாங்க?"

"அப்பிடிக் கேளுங்க தங்கச்சி! நானும் ரெண்டு மாசமா அதத்தான் கேக்கறேன்" என்றார் பிசிக்ஸ் வாத்தியார். "என் ஜனம் ஆறு வருஷத்துக்கு மேல நடந்தா செத்துப்போவுது. சாரு ஜனம் மட்டும் காத்தக் குடிச்சிக்கினு நடக்குது."

அவரிடம் எத்தனையோ தடவை மழுப்பியிருக்கிறேன். அவள் கேட்கும்போது முடியவில்லை.

"அந்த வரிய நான் மாத்திட்டேன்" என்றேன். "இவங்க எவ்ளோ நடந்தாலும் பசிக்காது."

"அடப்பாவி மனுசா!" என்று பிசிக்ஸ் வாத்தியார் தொடையில் தட்டிக்கொண்டார். "கணக்கு வாத்தியாரு பண்ற வேலையா சார் இது?"

அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"எனக்கும் அப்பிடி எதுனா மாத்தி வெச்சிருக்கீங்களா?"

பிசிக்ஸ் வாத்தியார் எழுந்தார். பொரி தீர்ந்துபோய்விடும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போனார். அவர் மெதுவான குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. தப்பான இடத்தில் இறங்கிவிடுவோமோ என்று பயந்தவன் நான். அந்தப் பயத்துக்காக ஒவ்வொரு வருஷமும் எதையாவது இழந்தவள் அவள். பொம்மிடியில் சேர்த்த பெண்களை, இண்டூரில் சேர்த்த பெண்களை, ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து தொடங்கிய ஒரு வருஷத்தை. எனக்கு எதுவும் குறையவில்லை. மாற்றலாகிப் போகிற இடத்திலெல்லாம் எனக்கு ஒரு கரும்பலகை தயாராக இருந்தது. அதனால்தான் என்னால் அவ்வளவு நிதானமாக இடம் பார்க்க முடிந்தது.

"எறங்கணும்னா எத அமுக்கணுங்க?" என்றாள்.

விசையைக் காட்டினேன். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "இங்கியா? வெறும் புள்ளிம்மா. தண்ணி நாலு கட்டம் தள்ளி இருக்குது."

"தண்ணி தூக்கிக்கலாங்க. நிக்க ஒரு எடம் வேணும் இல்ல" என்று சொல்லி அவளே அமுக்கினாள்.

பொம்மை மறைந்து அங்கே ஒரு சின்னச் சதுரம் வந்தது. பிசிக்ஸ் வாத்தியாரின் பங்குக்கும் நானே தட்டிக்கொண்டு அந்த ஊரை ஓட்டிப் பார்த்தோம். ஜனம் இரண்டு. ஆறேழு வருஷம் இரண்டாகவே இருந்தது. ஒரு தடவை மூன்றானது. அடுத்து ஒரு பஞ்சம் வந்து மறுபடி இரண்டு. செத்தும் போகவில்லை, செழிக்கவும் இல்லை. மூன்று ஆகிற மாதிரி இருந்தபோது கரண்ட் போய்விட்டது. கேசட்டில் சேமிக்கவில்லை. அந்த ஊர் என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. காலையிலேயே நாங்கள் இருவரும் இண்டூர் ரோட்டு மனைக்குப் போனோம். தேங்காய்க்காரருக்குச் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், அந்த மனையில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. வேறு யாரோ வாங்கி வேலையும் தொடங்கிவிட்டார்கள். அவள் மிஷின் போட நினைத்த இடத்தில் மணல் கொட்டிக் கிடந்தது. மணலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

"போனா போவுது, வாங்க" என்றாள்.

பின் வரிசையில் ஒரு மனை மிச்சம் இருந்தது. மேற்குப் பார்த்தது, மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே அடிக்கும். ரோட்டிலிருந்து தெரியாது. எட்டு விதமாகக் குறை சொல்லலாம், அதில் ஆறு அப்போதே என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, மனை விற்பவரிடம் போய்ச் சரி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜில்லா முழுக்க என் பெயர் அடிபட்டிருக்கும் போல.

நான் பயந்தது நடக்காமல் இல்லை. போர் போட்டதில் தண்ணீர் வந்தது, ஆனால் உப்பு. துவைக்கலாம், குளிக்கலாம், அதில் பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீருக்கு முக்கால் மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணறுதான். தினமும் காலையில் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு நான்தான் போய் வருவேன். முதல் சில மாதம் போகும்போதெல்லாம் அந்தத் தேங்காய் ஞாபகம் வரும். பிறகு பழகிவிட்டது. அப்பாவின் கிணறு வற்றியபோது எங்களுக்கு இன்னொரு கிணறு பக்கத்தில் இருந்ததா, தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியுமா என்று ஒரு நாள் யோசித்தேன். தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் தோன்றியதில்லை.

முந்நூற்று நாற்பதாவது வரியைப் பள்ளி திறந்த அன்றே பழையபடி திருத்திவிட்டேன், பிசிக்ஸ் வாத்தியார் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க. அதற்குப் பிறகு மூன்றாம் வருஷத்துக்குள் ஊர் வைக்கக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அவர்தான் பெரும்பாலும் ஜெயித்தார். முதல் வருஷமே இறங்கிவிடுகிறவனை எங்களைப் போன்றவர்கள் எட்டிப் பிடிப்பது கஷ்டம்.

வீடு முழுக்க முடிவதற்கு முன்பே குடிபோனோம். ஒரு கூடம், ஒரு சமையலறை. பூச்சு முடிந்து வெள்ளை அடிக்கவில்லை. பால் காய்ச்சி, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, நான் வாசலில் மீந்த செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிசிக்ஸ் வாத்தியார் தன் கடையிலிருந்து ஒரு டப்பா நிறைய ஆணியும் ஒரு சுத்தியலும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். புது வீட்டுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற ஊரில் ஆணி கொண்டுவந்த ஒரே மனுஷர் அவர்தான்.

உள்ளே சத்தமே இல்லாமல் இருந்ததால் எட்டிப் பார்த்தேன். மனைவி கூடத்துச் சுவரில் ஓரிடத்தில் ஆணியை வைத்துப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் சுத்தியல். கண்ணாடி கீழே சுவரில் சாய்ந்து கிடந்தது. அவள் அடிக்கவில்லை. ஓங்கிய கையோடு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அடிக்கட்டுங்களா?" என்றாள். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல?"

அடி என்று தலையை ஆட்டினேன்.

அடித்தாள். பூச்சு இன்னும் சரியாகக் காயவில்லை. ஆணி வளைந்து, உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கீழே விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு டப்பாவிலிருந்து இன்னொரு ஆணியை எடுத்தாள்.